நகரும் தீவுக்கு ஒற்றைப் படம் போதாது

பழவேற்காட்டின் படங்களைத் தேடிப் பார்ப்பவருக்கு அநேகமாக ஒரே படம்தான் வெவ்வேறு ஆட்களின் பெயரில் கிடைக்கும். முழங்கால் ஆழத் தண்ணீரில் பூநாரைக் கூட்டம், பின்னால் சிவந்த வானம், ஓரமாக ஒரு படகு. அழகான படம்தான். ஆனால் அந்த ஏரியை ஏரியாக வைத்திருக்கும் மணல்தீவு அதில் இருக்காது. இருந்தாலும் அடிவானத்தில் மெல்லிய கோடாகத்தான் தெரியும். எண்ணூர் கழிமுகத்திலிருந்து பழவேற்காடு முகத்துவாரம் வரை நீளும் காட்டுப்பள்ளியின் மணல்பட்டையும், அதற்கு வடக்கே ஆந்திர எல்லைக்குள் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவும் கடலைத் தடுத்து நிற்பதால்தான், சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உப்பங்கழி நமக்கு வாய்த்திருக்கிறது. இத்தகைய நிலத்தை நிலவியலாளர்கள் தடுப்புத் தீவு என்கிறார்கள். உலகம் முழுவதும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தடுப்புத் தீவுகள் உண்டு. அவற்றை நாம் படமெடுக்கும் முறை பெரும்பாலும் தவறாக இருக்கிறது. அந்தத் தவறு படத்தோடு நின்றுவிடாமல், கடற்கரை பற்றி நாம் எடுக்கும் முடிவுகளையும் கெடுக்கிறது. நகர்ந்துகொண்டே இருக்கும் நிலத்தை ஒரே இடத்தில் நின்று, நாள் குறித்து, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். அதுதான் அந்த நிலத்துக்கு நேர்மையான படம்.

தடுப்புத் தீவு என்பது மணல். கரையோரமாகவே ஓடும் நீரோட்டம் அந்த மணலை ஓயாமல் இழுத்துச் செல்கிறது. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது தெற்கே திரும்பும். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். புயல் வந்தால் அலை மணல்மேட்டைத் தாண்டி ஏறி, கடல் பக்கம் அள்ளிய மணலை உப்பங்கழிப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பரப்பும். கடல்முகம் தேய, பின்பக்கம் வளர, தீவு தன்மேலேயே புரண்டு நிலப்பக்கம் நோக்கி நகர்கிறது. கடல்மட்டம் உயரும்போது அது மூழ்கிப்போகாமல் பிழைப்பதும் இப்படித்தான். முகத்துவாரமும் நிலையாக இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் திறந்துவிடும். கோடையில் மணல் வந்து அடைக்கும். முகத்துவாரம் தூர்ந்தால் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஏரிக்குள் வருவது குறையும், படகு கடலுக்குப் போக வழியிருக்காது. பழவேற்காட்டு மீனவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் அவர்களது பாடு முறை, தண்ணீரும் மீனும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்ற அறிவின் மேல் நிற்பது.

கேமராவின் பழக்கங்களோ இந்த அறிவுக்கு எதிர்த்திசையில் போகின்றன. இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் விரும்பிச் செய்யும் ஒரு உத்தியைப் பாருங்கள். ஷட்டரைப் பல நொடிகள் திறந்து வைத்தால் அலை கரைந்து பனிப்புகை ஆகிவிடும். மணலும் வானமும் அசையாமல் நிற்கும். அந்தத் தீவை உண்டாக்கியதும், அழிப்பதும், மறுபடி கட்டுவதும் எதுவோ அந்த அலையைத்தான் அந்த உத்தி படத்திலிருந்து நீக்குகிறது. பருவமும் அப்படித்தான். பறவைகளும் தெளிந்த வானமும் கிடைக்கும் ஜனவரி, பிப்ரவரியில்தான் கேமராக்கள் பழவேற்காட்டுக்கு வருகின்றன. கரை மாறுவதோ அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான புயல் மாதங்களில். நிற்கும் இடத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. 1971இல் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட நாளிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பொதுமக்கள் கேமராவோடு அதன் கடல்முகத்துக்குப் போக முடியாது. ஆகவே சூளூர்பேட்டையிலிருந்து ஏரியின் நடுவே போகும் சாலையில் நின்று எடுத்த படங்களே நிறைந்திருக்கின்றன. இவை எல்லாம் சேர்ந்து, தீவு என்றைக்கும் இப்படியே இருந்தது, இப்படியே இருக்கும் என்ற எண்ணத்தைப் பார்ப்பவர் மனத்தில் ஊன்றிவிடுகின்றன.

அந்த எண்ணம் என்ன செய்யும் என்பதை அமெரிக்காவின் வட கரோலினா கரையில் பார்க்கலாம். அவுட்டர் பேங்க்ஸ் என்னும் நீண்ட தடுப்புத் தீவுச் சங்கிலியில், கேப் ஹட்டெராஸ் முனையில் 1870இல் ஒரு கலங்கரை விளக்கம் கட்டினார்கள். செங்கல்லால் கட்டிய கலங்கரை விளக்கங்களில் அந்நாட்டிலேயே மிக உயரமானது. கறுப்பும் வெள்ளையுமாகச் சுற்றி ஏறும் பட்டைகள் அதன் அடையாளம். கட்டியபோது கடலுக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய 460 மீட்டர் மணல் இருந்தது. 1930களில் அலை மிக நெருங்கிவிட்டதால் விளக்கைக் கைவிட்டு வேறொரு இரும்புக் கோபுரத்துக்கு ஒளியை மாற்றினார்கள். 1950இல்தான் பழைய விளக்கு மறுபடி எரிந்தது. பிறகு தூண்டில் வளைவு போட்டார்கள், மணல் கொட்டினார்கள், மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். கடைசியில் கடலுக்கும் விளக்குக்கும் இடையே சுமார் 40 மீட்டர்தான் மிஞ்சியது. 1988இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் அமைத்த குழு, விளக்கை உள்ளே நகர்த்துவதே வழி என்றது. உள்ளூர் மக்களில் பலர் கடுமையாக எதிர்த்தார்கள்.

எதிர்த்தவர்களுக்கு முன்னால் நின்றவர் ஹ்யூ மார்ட்டன். வட கரோலினாவின் மலைகளையும் கடற்கரைகளையும் அவரளவு அன்போடு படமெடுத்தவர்கள் குறைவு; அவருடைய படத்தொகுப்பு இன்று சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1980களில் விளக்கைக் காப்பாற்றும் குழு ஒன்றை முன்னின்று நடத்தினார். கடலடியில் செயற்கைக் கடற்பாசியை நட்டு மணலைத் தங்கவைத்தால் விளக்கு நின்ற இடத்திலேயே நிற்கும் என்று நம்பி நிதி திரட்டினார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் விளக்கு, மணல்மேடு, கடல் என்று அவர் படங்களில் அமைந்த அமைப்பே அந்த இடத்தின் உண்மை என்று ஒரு மாநிலமே நம்பியதில் படங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். மறுபுறம் டியூக் பல்கலைக்கழக நிலவியலாளர் ஆரின் பில்கி, கடற்கரைகள் நகர்கின்றன என்பதையே தலைப்பாக்கி 1979இல் புத்தகம் எழுதியவர், விளக்கை நகர்த்தத்தான் வேண்டும் என்று வாதாடினார். 1999 கோடையில் 4,800 டன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை 23 நாளில் 884 மீட்டர் தூரம் தள்ளி வைத்தார்கள். 1870இல் கடலிலிருந்து எவ்வளவு தொலைவில் நின்றதோ ஏறக்குறைய அதே தொலைவில் அது மறுபடி நின்றது. காப்பாற்ற வேண்டியது விளக்கை. அது நின்ற இடத்தை அல்ல. இந்த வேறுபாட்டைப் பிரித்தறிய அந்த மாநிலத்துக்கு ஏறக்குறைய இருபது ஆண்டு பிடித்தது.

அதே கரையில் இன்னொரு பாடமும் உண்டு. 1930களில் தீவுகளைக் காக்கிறோம் என்று வேலையில்லா இளைஞர்களைக் கொண்டு கரை நெடுக மணல்வேலி கட்டி, புல் நட்டு, உயரமான மணல்மேடுகளை எழுப்பினார்கள். படத்துக்கு அவை மிக அழகு. பச்சைப் புல் அசையும் மேடு, பின்னால் நீலக்கடல் என்று அவுட்டர் பேங்க்ஸ் அஞ்சலட்டைகளை நிரப்பியது அந்தக் காட்சிதான். 1970களில் ராபர்ட் டோலன், பால் காட்ஃப்ரே என்ற இரு ஆய்வாளர்கள், மேடு கட்டிய ஹட்டெராஸையும் மேடு கட்டாத பக்கத்துக் கோர் பேங்க்ஸையும் ஒப்பிட்டார்கள். மேடு கட்டிய இடத்தில் அலை தாண்டிப் போக முடியாததால் உப்பங்கழிப் பக்கத்துக்கு மணல் போய்ச்சேரவில்லை. கடல்பக்கம் மட்டும் தேய்ந்து தீவு ஒடுங்கிக்கொண்டிருந்தது. கோர் பேங்க்ஸில் புயல் மணலைப் பரப்பியது. மணலில் புதைந்த புல் அதையே துளைத்து மேலே வந்தது. பார்க்கக் கலைந்து கிடந்த தீவுதான் ஆரோக்கியமாக இருந்தது. இதன்பின் தேசியப் பூங்காத் துறை மேடுகளைப் பராமரிக்கும் வேலையைக் கைவிட்டது. டோலன் கரை நகரும் வேகத்தை அளந்த விதம் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது: வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே இடத்தை எடுத்த வான்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத்தான் அளந்தார். அழகான ஒற்றைப் படம் மறைத்ததைச் சாதாரணமான இரண்டு படங்கள் காட்டின.

பேரழிவுப் படங்கள் இந்தக் குறையை நிரப்பிவிடும் என்று நினைக்கலாம். 2020 தொடங்கி அதே கரையில் ராடாந்தே, பக்ஸ்டன் ஊர்களில் பத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கடலில் விழுந்தன. வீடு சரியும் காணொளி உலகமெங்கும் பரவியது. வீட்டுக்கும் அலைக்கும் நடுவே இருந்த மணல் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவந்ததை யாரும் பரப்பவில்லை. இதற்கு மாறாக, 2005இல் கத்ரினா சூறாவளி லூசியானா கரையின் சாண்டலூர் தீவுகளில் சுமார் 85 விழுக்காடு நிலப்பரப்பை அழித்தபோது, அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 2001இல் எடுத்த வான்படத்தையும் புயலுக்குப் பின் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டது. ஒன்றில் மணல், மற்றொன்றில் சிதறிய சதுப்புத் திட்டுகள். முதல் படம் இல்லையென்றால் இரண்டாவது படம் வெறும் சதுப்புநிலக் காட்சியாகவே தெரிந்திருக்கும். நம் தனுஷ்கோடியை நினைக்கிறேன். அது தீவின் முனையில் நீளும் மணல்நாக்கு, முழுமையான தடுப்புத் தீவு இல்லை. ஆனாலும் 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவரைச் சுற்றி எடுத்த படங்கள் எத்தனை, அந்த மணல்நாக்கு அதற்குப் பிறகு எப்படி வளைந்தது, எங்கே மெலிந்தது என்று காட்டும் படங்கள் எத்தனை என்று கேட்டுப் பார்க்கலாம்.

சென்னையிலேயே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்களில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு மிக அருகே அலை அடிக்கும். 1870களின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்களைக் கட்டத் தொடங்கியதும், வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தடைபட்டுத் தெற்கே தேங்கியது. மெரினா அகன்றது. மணல் வராத ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வடசென்னைக் கரை அரித்துக்கொண்டே போனது. இன்று அங்கே கல் கொட்டாத இடத்தைத் தேட வேண்டும். மெரினாவின் அகலத்தைப் பெருமையோடு காட்டும் படங்களுக்குக் குறைவில்லை. அந்த அகலமும் காசிமேட்டின் இழப்பும் ஒரே கணக்கின் வரவும் செலவும் என்று காட்டும் படத்தொடர் நம்மிடம் எங்கே இருக்கிறது? மணல் இப்படித் தடைபட்டுக் கிடக்கும் அதே கரையில்தான் 2001இல் எண்ணூர் துறைமுகமும் அதன்பின் காட்டுப்பள்ளி துறைமுகமும் வந்தன. அவற்றுக்கு வடக்கே மணல்பட்டை மெலிகிறது என்று பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பத்து மக்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்கிறார்கள். சொல்வதை நிரூபிக்க அவர்களிடம் நினைவு இருக்கிறது, நாள் குறித்த படம் இல்லை.

இதற்கெல்லாம் செயற்கைக்கோள் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துத்தான் இந்தியக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுகிறது என்றும், தமிழகத்தில் அந்த அளவு நாற்பது விழுக்காட்டுக்கும் அதிகம் என்றும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கணக்கிட்டது. அந்தப் பணிக்கு மாற்று கிடையாது. ஆனால் லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர். சென்டினல் படத்தில் 10 மீட்டர். ஒரு குப்பத்துக்கும் கடலுக்கும் உள்ள தூரமே சில இடங்களில் அவ்வளவுதான். மேலிருந்து பார்ப்பதால் மணல்மேடு ஓர் ஆள் உயரத்துக்கு அறுந்து நிற்பதும், அடும்புக்கொடி படர்ந்திருந்த இடம் வெறுமையாகிப் போனதும் அதில் எளிதில் தெரிவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கரை மாறும் வடகிழக்குப் பருவமழை நாட்களில் வானம் மேகத்தால் மூடியிருக்கும். புயலுக்கு மறுநாள் காலை தரையில் நிற்கும் கைபேசிக்கு அந்தத் தடை இல்லை. இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும். ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்றாகாது.

கலையின் வேலை அளப்பது அல்ல என்ற மறுப்பை நான் அதிகம் மதிக்கிறேன். ஒளியையும் வெளியையும் தேடிப் போகிறவரை நில அளவைக்காரராக மாற்ற எனக்கு விருப்பமில்லை. ஆனால் திரும்பி வருதல் கலைக்கு அந்நியமானது என்ற கருத்து எனக்கு விளங்கவில்லை. அலை தாண்டி வந்து பரப்பிய மணலின் வரிகள், நேற்றிருந்த முகத்துவாரம் இன்று சில நூறு அடி தள்ளித் திறந்திருப்பது, உப்பங்கழிச் சேற்றின் மேல் கடல்மணல் வெளுப்பாகப் படிந்திருப்பது: இவையும் காட்சிகள்தான். ஒரு தீவைப் பத்து ஆண்டு பார்த்தவர் எடுக்கும் படத்தில், ஒரு நாள் பார்த்தவருக்கு வாய்க்காத முதிர்ச்சி இருக்கும். படகையும் வலையையும் ஓலைக் கொட்டகையையும் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு அதை இயற்கை என்று சொல்லும் பழக்கத்தையும் இந்த இடத்தில் விட்டுவிடலாம். அந்த மணலில் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள்.

கேமராக்கள் பெருகினால் உயிர்களுக்குத் தொல்லை என்பது உண்மை. பூநாரை தண்ணீரில் சிறிது தூரம் ஓடித்தான் எழும்பும். எழும்பும் படத்துக்காகப் படகை விரட்டிச் செல்பவர்கள் அதன் இரை நேரத்தையும் வலிமையையும் வீணாக்குகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரையில் இரவில் பிளாஷ் அடிப்பது ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் 2014 முதல் டிரோன்களுக்குத் தடை இருக்கிறது. உப்பங்கழிப் பறவைகளின் மேலும் அவை பறக்கக் கூடாது என்பேன். நான் கேட்கும் படமுறைக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். குறித்த ஓரிடத்தில் நின்று, கரையை மட்டும் நோக்கி, பகலில் எடுத்தால் போதும். இன்னும் பத்தடி நெருங்கலாமா என்ற ஆசைக்கே அதில் இடமில்லை.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேறு. கரை தேய்கிறது என்று ஆண்டுதோறும் படம் எடுத்து வைத்தால், அதையே காட்டி, இது ஆபத்தான இடம், காலிசெய்யுங்கள் என்று குப்பத்து மக்களிடம் சொல்வார்களே? துறைமுகம் இருந்த இடத்தில் இருக்க, மீனவர் மட்டும் நகர வேண்டுமா? இந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. கடற்கரை ஒழுங்காற்று மண்டல வரைபடங்களில் தங்களது மீன்பிடி நிலங்களும் பொது இடங்களும் குறிக்கப்படாமல் விடுபடுவதாக மீனவர் அமைப்புகள் தொடர்ந்து முறையிட்டு வருகின்றன. அப்படிப்பட்டவர்களிடம் இன்னொரு ஆவணத்தை நம்பச் சொல்வது எளிதல்ல. ஆனாலும் படம் இல்லாத நிலைமை அவர்களைக் காக்கவில்லை. படம் இல்லாதபோது அரிப்பு எல்லாமே இயற்கையின் மேல் எழுதப்படுகிறது. எந்தக் கட்டுமானத்துக்கு முன் கரை எங்கே இருந்தது, அதற்குப் பின் எந்த ஆண்டில் எங்கே உடைந்தது என்று காட்டும் தொடர் இருந்தால்தான் காரணம் யார் என்ற கேள்வியையே எழுப்ப முடியும். படங்கள் யாரிடம் இருக்கின்றன என்பதும் முக்கியம். அவை ஏதோ ஒரு அலுவலகக் கோப்பில் மட்டும் இருந்தால் அச்சம் சரிதான். ஊர்ப் பஞ்சாயத்திலும் பள்ளியிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் இருந்தால், வாதாடும் வலிமை அவர்கள் பக்கம் வரும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. 2017இல் சிட்னியில் நாரபீன், மேன்லி கடற்கரைகளில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோஸ்ட்ஸ்னாப் என்ற முறையைத் தொடங்கினார்கள். கைபேசியை வைக்கும் ஒரு சிறு உலோகத் தாங்கியைக் கரையோரம் நட்டுவைப்பார்கள். வழிப்போக்கர் யாரும் அதில் கைபேசியை வைத்துப் படமெடுத்து அனுப்பலாம். கோணம் மாறாததால், படத்தில் தெரியும் நிலையான பொருட்களின் இடத்தை முன்பே அளந்து வைத்துக்கொண்டு, ஓதத்தின் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டால் கரைக்கோடு எங்கே இருந்தது என்று சொல்லிவிடலாம். இன்று பல நாடுகளில் அந்தத் தாங்கிகள் நிற்கின்றன. பழவேற்காடு முகத்துவாரத்தின் இரு கரையிலும், அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் மேல்தளத்திலும், காட்டுப்பள்ளி மணல்பட்டை மெலிந்த இடத்திலும் இதுபோல் வைக்கலாம். மாதம் ஒருமுறையும் ஒவ்வொரு புயலுக்கு முன்னும் பின்னும் எடுக்கும் பொறுப்பைச் சுற்றுவட்டாரப் பள்ளி மாணவர்கள் ஏற்கலாம். வார இறுதியில் பறவைகளைத் தேடி வரும் படக்காரர்களும் திரும்பும் வழியில் ஒரு படம் எடுத்துப்போகலாம். அவர்களுடைய கேமராக்கள் கைபேசியைவிட நுட்பமானவை.

அவசரமும் இருக்கிறது. முகத்துவாரம் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று மீனவர்கள் நெடுநாளாகக் கேட்டுவந்த கற்சுவர்த் திட்டத்தை அரசு கையில் எடுத்திருக்கிறது. கோரிக்கை நியாயமானது, மண் அடைத்தால் பட்டினி கிடப்பவர்கள் அவர்கள். ஆனால் கடலுக்குள் நீளும் எந்தச் சுவரும் ஒரு பக்கம் மணலைச் சேர்த்து மறுபக்கம் பறிக்கும் என்பதைத் துறைமுகச் சுவர்கள் நமக்குக் காட்டிவிட்டன. ஐந்தாண்டு கழித்துச் சுவரின் தெற்கே எவ்வளவு சேர்ந்தது, வடக்கே எவ்வளவு போனது என்ற கேள்வி கட்டாயம் எழும். பணியை நடத்தும் துறையே இரு கரையிலும் இடம் குறித்து, நாள் போட்டு, படங்களை எடுத்துப் பழவேற்காடு ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்ட வேண்டும். தொடரின் முதல் படம் அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும்.